இரண்டு பிளக்கும் ஒரு பெட்டியும்

 

போன கிழமை எங்கள் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சேர், பல்சருக்கு ஒரிஜினல் பிளக்தான் போடணுமா? டூப்ளிகேட் போட்டா என்ன?" ஒரு வரியில் பதில் எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பைக் இல்லாதவர்களும் வாசிக்கலாம்.

எங்களிடம் இருப்பது பழைய பல்சர் 180. எங்கள் என்றால், ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேர். பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம். கிழமை நாட்களில் பாடசாலைக்கு ஓடும். விடுமுறை வந்தால் வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, மொனராகலை என்று இறங்கிப் பொத்துவில் கடற்கரை வரை போகும். அந்த பைக்கின் ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக். இரண்டு பக்கமும் பொறி விழுவதால் பெற்றோல் சீக்கிரமாக, முழுமையாக எரியும். ஒரு பிளக் செத்தாலும் பைக் நிற்காது. இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும், ஆனால் ஓடும். நன்மையும் இதுதான், ஆபத்தும் இதுதான்.

2022 ஏப்ரலில் பிளக் மாற்ற வேண்டி வந்தது. அந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி இல்லை. டொலரும் இல்லாமல் போனபோது உதிரிப்பாகங்களும் கிடைக்கவில்லை. ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில், "கடைசி ரெண்டு சேர், ஒரிஜினல்" என்று எடுத்துத் தந்தார்கள். கம்பனிப் பெட்டி, கம்பனி விலை. பேரம் பேசாமல் வாங்கினோம்.

இரண்டு கிழமையில் பெற்றோல் வழக்கத்தைவிட வேகமாக முடிந்தது. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்றோம். பிறகு மலையைக் குறை சொன்னோம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். கொழும்பில் ஐந்து பங்கு காற்று என்றால் இங்கே நான்கு பங்குதான். காபரேட்டருக்கு அது தெரியாது. கீழே தந்த அளவு பெற்றோலைத்தான் இங்கேயும் தரும். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். அந்தக் கரி தானாக எரிந்துபோக பிளக்கின் நுனி 450, 500 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். எங்கள் குளிரில், பனிமூட்டத்தில், பத்து நிமிட ஓட்டத்தில் அவ்வளவு சூடு ஏறாது. "மலைப் பைக் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்காமலே இருந்தோம்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெற்றோல் காசு மட்டுமல்ல. சீக்கிரம் முடிந்த பெற்றோலுக்காக மேலதிகமாக இரண்டு இரவுகள் செட்டில் வரிசையில் நின்றோம். மறுநாள்கள் இரண்டிலும் வகுப்புக்குப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குக் கடைசி மீட்டல் பாடங்கள் அவை.

மே 23ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. மறுநாள் 92 ஒக்டேன் பெற்றோல் 338 ரூபாயிலிருந்து 420 ரூபாய் ஆனது. பஸ்கள் ஓடுவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. பட்டிப்பொலயிலிருந்து நுவரெலியாவுக்குப் போக வேண்டிய இரண்டு பையன்களை நாங்களே ஏற்றினோம். ஒருவன் பல்சரில். மற்றவன், ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய சிறிய பைக்கில், முன்னால். அந்தக் கிழமையில் ஒரு காலை, அம்பேவெல பண்ணையைத் தாண்டியதும் பல்சர் இருமியது, குலுங்கியது, நின்றது. உதைத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம். பையன் ஒன்றும் பேசவில்லை. அட்டையையும் பேனைகளையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், ஒரு பால் லொறி வந்தது. சாரதி ஒரு சிங்கள ஐயா. அட்டையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். பையன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

பின்னால் லைட் தெரியவில்லை என்று முன்னால் போனவர், தன்னோடு வந்தவனை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். இருவரும் குந்தியிருந்து பிளக்குகளைக் கழற்றினோம். ஒன்றின் பீங்கானில் மயிரிழை வெடிப்பு. அது எப்போதோ செத்திருக்கிறது. அதன் வேலையையும் சேர்த்துச் சுமந்த மற்றது, நுனி முழுக்கக் கரியேறி அன்று காலை கைவிட்டிருக்கிறது. துணியால் துடைத்தபோது கரியோடு எழுத்தும் அழிந்தது. வாஷரை விரலால் திருப்ப, கழன்று கையில் வந்தது. பாடசாலை ஆய்வுகூடத்து மீற்றரில் வைத்துப் பார்த்தோம். பெயரில் R என்ற எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5,000 ஓம் தடை இருக்க வேண்டும். இருந்தது பூச்சியம்.

பிறகு நகரத்தில் ஒரு பாஸிடம் போனோம். அவர் சொன்னது இது: "இது பைக் கம்பனி பிளக் இல்லீங்க சேர், வேற பிராண்ட். ஆனா டேபிள் பாத்துதான் தர்றேன்." விலையும் குறைவு. அதைப் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் பொத்துவில் போய்த் திரும்பினோம். ஒரு குறையும் இல்லை.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. கம்பனிப் பெட்டியில் வராத எல்லாவற்றையும் நாம் 'டூப்ளிகேட்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அது பிழை. பைக் கம்பனிகள் பெரும்பாலும் பிளக் செய்வதில்லை, பிளக் கம்பனிகளிடம்தான் வாங்குகின்றன. அதனால் நல்ல கம்பனியின் மாற்றுப் பிளக், சரியான வகையாக இருந்தால், தாராளமாகப் போடலாம். போடக் கூடாதது ஒரிஜினல் பெட்டிக்குள் வரும் பொய்.

சில விஷயங்களைக் கவனியுங்கள்:

பிராண்ட் மாற்றும்போது நம்பரை அப்படியே ஒப்பிட வேண்டாம். என்.ஜி.கே.யில் நம்பர் கூடினால் பிளக் குளிர்ச்சி. பொஷ்ஷிலும் சம்பியனிலும் நம்பர் கூடினால் சூடு. பொருத்த அட்டவணையைக் கேளுங்கள்.

மரையின் தடிப்பும் நீளமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் முட்டலாம்.

இங்கே கரி பிடிக்கிறது என்று சூடான பிளக் போட வேண்டாம். அதோடு மொனராகலை வெயிலில் நெடுந்தூரம் இழுத்தால் எஞ்சின் அடிபடும். காபரேட்டரைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு பிளக் பைக் என்றால் மாதம் ஒரு தடவை இரண்டையும் கழற்றிப் பாருங்கள். பைக் ஓடுகிறது என்பதற்காக இரண்டும் வேலை செய்கின்றன என்று நினைக்க வேண்டாம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று சிறு வயதில் மத்ரஸாவில் ஓதினோம். அந்த பாஸ் எங்கள் மார்க்கத்தவர் அல்ல, ஆனால் அப்படித்தான் விற்றார். "இது வேற பிராண்ட்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் குறையாது. சொல்லாமல் விட்டால் அது ஒரு பிள்ளையின் பரீட்சையில் போய் முடியலாம்.

எங்கள் பங்குக்கும் ஒரு குற்றம் இருக்கிறது. கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐந்து கிழமை பார்க்கவில்லை.

அந்தப் பிளக் இரண்டும் இப்போது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றன. மின்தடைப் பாடம் வரும்போது எடுப்போம். அந்தப் பையன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் சலாமுக்குப் பதிலாக அவன் கேட்பது ஒன்றுதான்: "சேர், பிளக் பாத்தீங்களா?"