கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்

எறையூரில் உள்ள நம் பூர்வீக வீட்டின் கதவுகள் அனைத்திற்கும் கொல்லன் பட்டறையில் அடித்த கனத்த இரும்புத் தாழ்ப்பாள்களே உண்டு. கொல்லைக் கதவில் மட்டும் கடையில் வாங்கிய மெல்லிய தாழ்ப்பாள் ஒன்று ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் காரணத்தை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் எவரிடமும் கூறியதில்லை. இப்பொழுது கூறியே தீரவேண்டிய நிலை வந்துவிட்டது.

1971-ஆம் ஆண்டு. எறையூர் அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊருக்குச் சர்க்கரை ஆலையும் வந்திருக்கவில்லை. நமக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. அவ்வாண்டு தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்தில் காவல் இருந்த போலீஸ்காரர் ஒருவர், திண்ணையில் அமர்ந்து தம் 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாம் இமைகொட்டாமல் பார்ப்பதைக் கண்டு, குண்டில்லாத அத்துப்பாக்கியை ஒருமுறை இயக்கிக் காட்டினார். குமிழைத் தூக்கினார், பின்னே இழுத்தார், முன்னே தள்ளினார், கீழே மடக்கினார். நம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளும் அப்படித்தானே இயங்குகிறது! அந்த நிமிடமே பித்துப் பிடித்துவிட்டது. இது நம்மாலும் ஆகக்கூடியதே என்று மனம் துணிந்தது.

துப்பாக்கி நம் வீட்டிற்கு அறிமுகமற்ற பொருளன்று. நரிக்குறவர் பெரியவர் ஒருவர் தம் நாட்டுத் துப்பாக்கியோடு நன்னாவைப் பார்க்க வருவார். வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கம்பியால் இடிக்கும் பழைய வகை அது. அவர் கவுதாரி சுடப் போகும்போது சில வேளைகளில் நன்னாவும் கத்தியோடு உடன் செல்வார். பறவை விழுந்ததும் ஓடிச்சென்று, உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுப்பார். உயிர் பிரிந்திருந்தால் நம் வீட்டில் அது சமைக்கப்படமாட்டாது.

ஒருநாள் நன்னா விளக்கினார்: "புந்துக் என்பது அரபியில் ஒரு கொட்டையின் பெயர். வில்லில் வைத்து எறிகின்ற களிமண் உருண்டைக்கும் அதுதான் பெயர். உருண்டை மோதிக் கொல்லுமே தவிர அறுத்துக் கொல்லாது. ஆகையால்தான் இந்தப் பேணுதல்." அந்தப் புந்துக்கே பின்னர் துப்பாக்கிக்குப் பெயராகி, இந்துஸ்தானியில் பந்தூக் ஆயிற்று. நம் 'துப்பாக்கி'யோ துருக்கிச் சொல்லின் வழிவந்தது. ஒரு கவுதாரியின் உயிருக்கு இத்தனை கணக்குப் பார்த்த மனிதரின் பேரன்தான், மறுவாரமே கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினான்.

தண்ணீர்க் குழாயின் துண்டு ஒன்று கிடைத்தது. பழைய நுகத்தடியைச் செதுக்கிக் கட்டையாக்கினோம். அதில் எதை அடைத்தோம், எவ்வாறு அடைத்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்த அறிவு வேண்டாம். அத்தாவும் அம்மாவும் நெல் அறுப்புக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், தம்பியைப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னோம். அவன் மறுக்கவில்லை. காக்கா சொன்னால் அவன் எதையும் மறுத்ததில்லை.

குழாய் முன்புறம் சுடவில்லை; பக்கவாட்டில் பிளந்தது. தாழ்ப்பாள் தெறித்துச் சுவரில் மோதியது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். விரல்களின் இடுக்கில் இரத்தம் வந்தது.

அவனைப் பெரம்பலூருக்குக் கொண்டு சென்றனர். உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடது காது கேட்கும் திறனை இழந்துவிட்டது. "எங்கேயோ கிடந்த வெடியை எடுத்துப் பற்ற வைத்தாயா?" என்று அத்தா அதட்டிக் கேட்டபோது, தம்பி நம் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமாம் அத்தா" என்றான். நாம் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நரிக்குறவர் பெரியவர் வந்தார். கொல்லைப்புறம் கிடந்த இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தார். வளைந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம்மைத் தனியே அழைத்தார்.

"இரும்பைப் பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும் சாமி. உள்ளே அடைச்சது எந்தப் பக்கம் வரும்னு இரும்பு முன்கூட்டியே சொல்லாது. எங்கப்பன் துப்பாக்கியை எங்கிட்டக் கொடுக்கிறதுக்கு முன்னால நாலு வருசம் அதைத் துடைக்க மட்டும் விட்டான்" என்றார். துண்டுகளைத் தம் பையில் போட்டுக்கொண்டு போனார். நன்னாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் அனுபவத்தால் அறிந்திருந்ததை நாம் பிற்காலத்தில் படித்து அறிந்தோம். அந்தப் போலீஸ்காரரின் துப்பாக்கி வெடிக்கையில் தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 20 டன். லாரிச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப் போல் இது நானூறு மடங்கிற்கும் மேல். தாழ்ப்பாளைப் போல் தோன்றும் அந்த உறுப்பு, சுடுபவரின் முகத்திற்கு அருகே அவ்வளவையும் தாங்கி நிற்கிறது. அதற்கெனத் தேர்ந்த எஃகு வேண்டும். அளவு மயிரிழையும் பிசகக்கூடாது. 1966-இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற படைக்கலத் தொழிற்சாலை போன்ற இடங்களில், குழலைப் பலவாறு சோதித்த பின்னரே துப்பாக்கியை வெளியே விடுகின்றனர்.

அமெரிக்காவில் தனிமனிதர் தம் சொந்த உபயோகத்திற்குத் துப்பாக்கி செய்துகொள்ள அந்நாட்டு நடுவண் அரசின் சட்டம் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தடை விதித்துள்ளன. அங்கே புதிதாகப் பழகுபவர்கூட, தொழிற்சாலையில் செய்த குழலையும் தாழையும் வாங்கி, அளவுகோல் வைத்துப் பார்த்தே பொருத்துகிறார். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வதே குற்றம். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அதற்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் தண்டனையும் விதிக்கப்படலாம்.

பெரியவரின் துப்பாக்கியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிர்களுக்கு அது நன்மை செய்தது. வேட்டையையே நம்பியிருந்த அம்மக்களின் பிழைப்போ ஊசிமணி பாசிமணிக்குச் சுருங்கிற்று. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் இடம்பெறுவதற்கு 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. 2022-இல் திறக்கப்பட்ட சிப்காட் தொழிற்பூங்காவால் எறையூரின் முகமே இன்று மாறிவருகிறது. நம் குற்றத்தைப் பையில் போட்டுச் சுமந்து சென்ற அப்பெரியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் தம்பியின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். யாரோ ஒருவர் தம் வீட்டிலேயே துப்பாக்கி செய்யும் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "நன்னா, இது மாதிரி நாமும் செய்யலாமா?" என்று தம்பியிடம் கேட்டான். அவன் அமர்ந்திருந்தது தம்பியின் இடப்பக்கம். தம்பிக்குக் கேட்கவில்லை. பிள்ளை இரண்டாம் முறையும் கேட்டான். தம்பி வழக்கம்போல் தலையைத் திருப்பி வலக்காதைக் காட்டி, "என்ன வாப்பா?" என்றார்.

அதற்குமேல் நம்மால் தாங்க முடியவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக் கொல்லைக் கதவுக்கு அழைத்துச் சென்றோம். அந்தத் தாழ்ப்பாளைக் காட்டி, நடந்ததை முதலிலிருந்து முடிவு வரை கூறினோம். பின்னால் வந்து நின்ற தம்பி, முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை இப்போது ஏன் சொல்ல வேண்டும் காக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தாவும் அம்மாவும் நன்னாவும் மவுத்தாகிவிட்டனர். அவர்கள் இறுதிவரை தம்பியையே குறும்புக்காரன் என்று நம்பியிருந்தனர். அவர்களிடம் இனிக் கூற வழியில்லை. கேட்கும் நிலையில் உள்ள மற்றவர்களேனும் அறியட்டும் என்றே இதனை எழுதுகிறோம். அன்று குழாயைப் பிடித்தது தம்பியின் கை. தாழ்ப்பாளைக் கழற்றியது நம் கை.