மட்டுப்பாவில் இறங்கும் வெயில்

மே 6, 2025, செவ்வாய். பாளையங்கோட்டை

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள். இரவு பத்து மணிக்கும் மாடி அறையில் உட்கார முடியவில்லை. மின்விசிறி அனலைத்தான் இறைக்கிறது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் ஏற்றிக்கொண்ட சூட்டை ராத்திரி முழுக்க உள்ளே இறக்குகிறது. ஏசி வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில். முதலில் மட்டுப்பாவைக் கவனிப்போம் என்றேன்.

மே 10, சனி. கல்லிடைக்குறிச்சி

பெரியம்மா வீட்டுப் பட்டாசலில், மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுந்தரையில் நிம்மதியாகப் படுத்திருந்தேன். தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படுவதில்லை. சூடு முற்றத்து வழியே மேலேறிப் போய்விடுகிறது. கூரையில் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காரை, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கடுக்காய்த் தண்ணீர் விட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கிய கனம் அது. அதைத் தாண்டிச் சூடு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மே 13, செவ்வாய்

கொத்தனார் வந்து பார்த்தார். “வெயில மேலயே நிப்பாட்டணும் அண்ணாச்சி. உள்ள வந்த பெறவு வெரட்டுனா கரண்டு பில்லுதான் ஏறும்” என்றார். 2018-இல் மத்திய மின் அமைச்சகம் வீடுகளுக்காக வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ சொல்வதும் இதைத்தான்: உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு கடக்கும். வெப்பத்தடுப்புப் பலகை பரப்பி, மேலே வெள்ளைக் கூல் டைல்ஸ் பதிக்க முடிவு செய்தோம்.

மே 17, சனி

உச்சி வெயிலில் மட்டுப்பாவில் நின்றேன். என் நிழல் தெற்கே விழுந்தது. ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு நேரே வரும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்பது டெல்லிக்குப் பொருந்தலாம். திருநெல்வேலிக்கு வடக்கிலும் சன்ஷேடு வேண்டும். மேற்கு ஜன்னல்தான் சிக்கல். ஆனி ஆடிக் காற்றும் அந்த வழி, சாயங்கால வெயிலும் அந்த வழி. ஜன்னலை அடைக்காமல், வெளியே தள்ளித் தட்டி கட்டச் சொன்னேன். காற்று வரட்டும், வெயில் வெளியே நிற்கட்டும்.

மே 25, ஞாயிறு

நேற்றே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. டைல்ஸ் வேலையும் முடிந்தது. மாடியில் இரவு தூக்கம் வருகிறது. 75 வாட் விசிறிகளைக் கழற்றிவிட்டு 28 வாட் பிஎல்டிசி விசிறிகள் மாட்டியாயிற்று. இனிதான் சோலார், மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணியிடமிருந்து மின்சாரம் எடுக்கிறோம். கயத்தாறில் காற்றிடமிருந்தும் எடுக்கிறோம். சூரியன் அடங்கிய பிறகும் நம் தளங்கள் கொதித்து ஏசிகள் ஓடினால், எத்தனை காற்றாலை நட்டாலும் போதாது. தெருக்கோடியில் ஒருவர் புது வீடு கட்டுகிறார். தளம் போட இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலையிலேயே போய்ப் பேச வேண்டும். கட்டும்போதே செய்தால் செலவும் குறைவு, வேலையும் சுலபம்.