பட்டாவுக்கு லைட் போட்ட கதை



போன கிழமை எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு தம்பி வந்து கேட்டார். "சேர், உங்கட பட்டாவின்ர பின்பெட்டிக்குள்ள லைட் போட்டிருக்கிறீங்கள்தானே. நானும் என்ர பிக்கப்புக்கு அஞ்சு மீற்றர் எல்ஈடி ஸ்ட்ரிப் வாங்கிட்டன். பற்றறியில நேராக் கொழுவினாச் சரியோ?"

"பொறுங்கோ தம்பி" என்று அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, 2022 இல் நாங்கள் விட்ட பிழையைச் சொன்னோம். இப்போது கனபேர் இதைப் போடுகிறார்கள். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நானா பருத்தித்துறைக் கரையில் மீன் எடுத்து நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். எல்லாம் விடிய முன்னம் நடக்கிற வேலை. ரோச்சை வாயில் கடித்துக்கொண்டுதான் றெஜிபோம் பெட்டிகளை ஏற்றுவார். ஒருநாள் இருட்டில் கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி, கை வீங்கி இரண்டு நாள் படுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் லைட் போடுவோம் என்று முடிவெடுத்தோம். ஐந்து மீற்றர் ஸ்ட்ரிப் வாங்கி, பெட்டியின் மூன்று பக்கமும் ஒட்டி, வயரைப் பற்றறியில் நேரே கொழுவி, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தோம். பியூஸ் இல்லை, கணக்கும் இல்லை. பளிச்சென்று எரிந்தது. நானாவுக்குச் சந்தோசம், எங்களுக்குப் பெருமை.

அந்த வருசம் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மெழுகுதிரி விலை கேட்கவே பயம். பட்டா வளவுக்குள் வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. பிந்திப்போன சாதாரண தரப் பரீட்சை மே 23 இல் தொடங்க இருந்தது. ஒழுங்கையில் ஆறு பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்கு இருந்தார்கள்.

"பட்டாவில லைட் இருக்குத்தானே தம்பி, பிள்ளைகளை ஏத்தி விடு" என்றார் நானா.

அப்படித்தான் தொடங்கியது. பின்பெட்டியைக் கழுவிப் பாய் விரித்தோம். மீன்பெட்டிகளைக் கவிழ்த்து மேசையாக்கினார்கள். எவ்வளவு கழுவியும் மீன் மணம் போகவில்லை, அதைப் பிள்ளைகள் பொருட்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு இரவும் இரண்டு மணித்தியாலம் கணிதம், விஞ்ஞானம்.

ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இந்த வெள்ளை வெளிச்சம் எப்பிடி வருது?" உண்மையில் அதற்குள் இருப்பது நீல எல்ஈடி. மேலே பூசியிருக்கிற மஞ்சள் பொஸ்பர் நீல ஒளியில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்ஈடி 1962 இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990 களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு அந்தப்பக்கம் கதிரை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "தொண்ணூறுகளிலயோ?" என்றார். "அப்ப இஞ்ச கரண்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. அதிலதான் என்ர பிள்ளையள் படிச்சதுகள்."

அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தோம். எங்களிடமும் ஒரு குப்பி விளக்குத்தான். ஐயாவிடம் அதைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கதிரையை மதிலுக்கு இந்தப்பக்கம் கொண்டுவந்து போட்டார்.

மூன்று இரவு இப்படிப் போனது. நான்காம் நாள் ஸஹருக்கு எழும்ப முன்னமே தொலைபேசி அடித்தது. பெற்றோல் செட்டுக்கு டீசல் பௌசர் வந்துவிட்டதாம், லைன் போடத் தொடங்கிவிட்டார்களாம். நானா ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பற்றறி செத்துப்போச்சு தம்பி."

தரம் 11 க்கு மின்னியல் படிப்பிக்கிற எங்களுக்கு அப்போதுதான் கணக்கு ஓடியது. அந்த ஸ்ட்ரிப் மீற்றருக்கு 14.4 வாற்று. ஐந்து மீற்றருக்கு 72 வாற்று. 12 வோல்ற்றால் பிரித்தால் 6 அம்பியர். இரண்டு மணித்தியாலம் எரிந்தால் 12 அம்பியர் மணி, மூன்று இரவில் 36. பற்றறியோ 50 அம்பியர் மணிதான். எஞ்சின் ஓடினால்தான் அது திரும்ப நிரம்பும். எஞ்சின் ஓட டீசல் வேண்டும். டீசலுக்குத்தான் அன்று போக வேண்டியிருந்தது.

ஒழுங்கைப் பிள்ளைகள் நித்திரைக் கண்ணோடு வந்து தள்ளினார்கள். எல்லாருமாகச் சேர்ந்து அரைக்கட்டைத் தூரம் தள்ளினோம். போய்ச் சேரும்போது லைன் நூறைத் தாண்டிவிட்டது. ஐயாவின் மகள், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பிளாஸ்கில் தேத்தண்ணியும் பாணும் கொண்டு பின்னாலேயே வந்தார். "பாங்கு சொல்ல முன்னம் குடியுங்கோ தம்பி" என்று அவசரப்படுத்தினார். எங்களுக்கு முன்னால் ஏழு வாகனம் நிற்கும்போது டீசல் முடிந்தது. நானாவுக்கு ஒன்பது நாள் தொழில் இல்லை.

அன்று இரவு பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. "உங்களால அவையின்ர தொழில் கெட்டுப்போச்சு, இனிப் போகக்கூடாது" என்று தாய்மார் மறித்துவிட்டார்களாம். எங்களுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பிழை பிள்ளைகளிலா? கணக்குப் போடாத வாத்தியாரில். கடைசியில் நானாதான் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் போய் நின்றார். "பிள்ளைகளை அனுப்புங்கோ. பிழை எங்களிலதான், வயரைத் திருத்தி வைக்கிறம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஐயா ஒரு வசனம்தான் சொன்னார். "நாங்கள் எண்ணெயைப் பார்த்துத்தான் திரியைத் தூண்டுவம்."

இரவல் பற்றறி ஒன்றில் தொடுத்துப் பட்டாவின் பற்றறியைச் சார்ச் ஏற்றினோம். பிறகு செய்தவை இவை, உங்களுக்கும் உதவும்.

ஸ்ட்ரிப்பை மீற்றருக்கு 4.8 வாற்று உள்ளதாக மாற்றி, மூன்று மீற்றர் மட்டும் போட்டோம். மொத்தம் 1.2 அம்பியர். பெட்டிகளை எண்ணவும் புத்தகம் வாசிக்கவும் அது போதும். விளிம்புக்குக் கீழே, கீழ்நோக்கி ஒட்டினோம். அப்போதுதான் பின்னால் வருகிறவரின் கண் கூசாது.

பற்றறியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ். வயர் எங்கேயாவது உரசித் தகரத்தில் பட்டாலும் தீப்பிடிக்காது. தகரத்தில் வயர் நுழைகிற ஓட்டைக்கு றப்பர் வளையம் போட வேண்டும்.

பற்றறி 12.2 வோல்ற்றுக்கு இறங்கினால் தானாக லைட்டை நிற்பாட்டுகிற சின்ன மொடியூல் ஒன்று. அந்த அளவில் பற்றறியில் ஏறக்குறைய அரைவாசி மிச்சம் இருக்கும், எஞ்சினை எழுப்பலாம். பற்றறியின் முதல் வேலை அதுதான். லைட்டுக்கு மிஞ்சினதுதான்.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் செப்பு வயர் பச்சை பிடித்துவிடும். முறுக்கி ரேப் சுற்றினால் காணாது. ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்குகிற குழாய் போட்டு, மேலே சிலிக்கன் பூசுங்கள். நீர் புகாத வகை ஸ்ட்ரிப்பையே கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் பரீட்சை மட்டும் வந்தார்கள். ஒரு இரவு லைட் தானாக நின்றது. "சேர், எண்ணெய் முடிஞ்சுது" என்றான் ஒருத்தன். புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரும் எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் காலை பட்டா ஒரே திருப்பில் ஸ்ரார்ட் ஆனது.

அதே ஸ்ட்ரிப் இன்றைக்கும் நானாவுக்கு எரிகிறது. ரோச் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அந்தத் தம்பி வாங்கின ஐந்து மீற்றரில் இரண்டைக் கழற்றி அவர் வீட்டுக் குசினிக்குப் போடச் சொல்லியிருக்கிறோம். வேறு யாராவது போடுவதென்றால் பின்னேரம் அஸருக்குப் பிறகு வாருங்கள். மல்ரிமீற்றர் எங்களிடம் இருக்கிறது. முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.