பிளாரன்ஸில் இரண்டு நாள்

இத்தாலிக்குப் போகிறவர்கள் பலர் ரோமில் நாலு நாள் தங்கிவிட்டு, பிளாரன்ஸுக்கு இரண்டே நாள் ஒதுக்குகிறார்கள். போகட்டும்; அதில் ஒன்று திங்கட்கிழமையாக இராமல் பார்த்துக் கொள்ளுங்கள். உபீஸி சித்திர சாலைக்கும் அகாதெமியாவுக்கும் அன்று விடுமுறை. மைக்கேல் ஏஞ்சலோ 1504-ல் முடித்த தாவீது சிலை அகாதெமியாவில்தான் இருக்கிறது. சதுக்கத்தில் நிற்பது வெறும் நகல்!

முதல் நாள் வெயில் ஏறுமுன் பெரிய மாதா கோயிலின் கும்மட்டத்தில் ஏறிவிடுங்கள். படிகள் 463; லிப்ட் கிடையாது. டிக்கெட்டை முன்கூட்டியே நேரம் குறித்து வாங்கிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் போதும், கண் நிறைந்துவிடும்.

மாலையில் பொன்டே வெக்கியோ என்ற பழைய பாலம். இரு பக்கமும் நகைக் கடைகள்! முன்பு அங்கே கசாப்புக் கடைகள் இருந்தன. நகரை ஆண்ட பெர்டினாண்டோ பிரபு 1593-ல் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரின் மற்றப் பாலங்களைத் தகர்த்தது. இதை மட்டும் விட்டுவைத்தது.

மறுநாள் சித்திர சாலைகளைப் பார்த்த பிறகு, சாந்தா குரோசே கோயிலுக்குச் செல்லுங்கள். 1966 நவம்பர் 4-ல் ஆர்னோ நதி ஊருக்குள் புகுந்தபோது, சிமபுவே தீட்டிய சிலுவைச் சித்திரம் வண்ணத்தில் பெரும் பகுதியை இழந்தது. நிபுணர்கள் அதைச் செப்பனிட்டார்கள். ஆனால் அழிந்துபோன இடத்தில் தாங்களாக எதையும் கற்பனை செய்து தீட்டவில்லை. காயம் காயமாகவே தெரிகிறது.

நேரம் போதாமல் வேறு எதை விட்டாலும், இதை விட்டுவிடாதீர்கள்.