அமாவாசை இருட்டில் நான்கு சைக்கிள்கள்

2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தை எங்களில் எவரும் மறந்திருக்கமாட்டோம். யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் நிலையங்களின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பஸ்கள் குறைந்தன. மின்வெட்டும் இருந்தது. வீட்டுக் கோடிக்குள் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் தூசி தட்டப்பட்டு மறுபடியும் வீதிக்கு வந்தன.

அந்த மாதம் 28 ஆம் திகதி வியாழக்கிழமை ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து கீரிமலையில் தீர்த்தமாடும் நாள். நாங்கள் இருப்பது கிளாலிப் பக்கம். அங்கிருந்து கீரிமலைக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். ரயில் நேரம் ஒத்துவரவில்லை. எங்களில் நான்கு பேர் சைக்கிளில் போவதென்று முடிவெடுத்தோம். நால்வரின் வீட்டிலும் அந்தக் கடனைச் செய்ய ஆண்பிள்ளை இல்லை. எங்களுக்கு மூத்த அக்கா அறுபதைத் தாண்டியவர். இளையவளுக்கு முப்பது வயது.

ஒரு நாளில் போய்விடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆடி மாதத்தில் இந்தக் குடாநாட்டில் சைக்கிள் ஓடியவர்களுக்குத்தான் சோளகக் காற்றின் சங்கதி தெரியும். பகல் முழுவதும் தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும். மேற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று. பொழுதுபட்டால் காற்றுத் தணியும், வெயிலும் இராது. ஆகவே பின்னேரமும் விடியப்புறமும் ஓடுவது, பகலில் உறவினர் வீடுகளில் தங்குவது என்று ஒழுங்கு செய்தோம். போக இரண்டு இரவு, திரும்ப இரண்டு இரவு. அமாவாசையை ஒட்டிய நாட்களில் நிலவும் இல்லை. அப்போதுதான் வெளிச்சம் பற்றிய கேள்வி வந்தது.

ஆளுக்கொரு வெளிச்சம்

இளையவள் கடையில் புதிதாக வாங்கிய எல்.ஈ.டி. லைற் ஒன்றைக் கொண்டுவந்தாள். போனுக்குப் போலச் சார்ஜ் போடுவது. நடுத்தங்கச்சி ஒரு சோலார் விளக்கைக் கரியரில் கட்டினாள். மூத்தக்காவிடம் இரண்டு பற்றரி போடும் பழைய ரோச். அதை ரியூப் துண்டால் ஹாண்டிலில் இறுக்கியிருந்தார். என்னுடையது அப்பாவின் பழைய சைக்கிள். அதில் போத்தல் வடிவ டைனமோ இன்னும் வேலை செய்தது. “இந்தக் கிழட்டுச் சாமானை இன்னும் கழற்றேல்லையோ?” என்று இளையவள் சிரித்தாள்.

முதல் இரவு கிளாலியிலிருந்து கொடிகாமம் வந்து, சாவகச்சேரியில் தங்கினோம். இளையவளின் லைற் பகல் போல எரிந்தது. என்னுடையது அதன் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது. எங்கள் பகுதியில் பாதையை விட்டு இறங்காமல் ஓடுவது எல்லோருக்கும் பழக்கம். முகமாலை முன்னரங்கப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் நடந்தது, எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அந்த வேலைக்குப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருட்டில் தெரியாது. வீதியின் கரை எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் வெளிச்சம் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல.

மறுநாள் சாவகச்சேரி வீட்டில் மின்வெட்டு. மின்சாரம் வந்த நேரத்தில் வீட்டுக்காரரின் போன்கள் சார்ஜில் இருந்தன. விருந்தாளியாகப் போய் இருக்கும் ஒரேயொரு பிளக்கை எப்படிக் கேட்பது? இளையவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்றிரவு கைதடி தாண்டுவதற்குள் அவளுடைய லைற் இரண்டு தரம் மினுங்கிவிட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்துவிட்டாள். பகலில் சூடேறிய தார் இரவிலும் சூடாக இருக்கும். மாடுகள் அதில் வந்து படுப்பது வழக்கம். நல்லகாலம், முழங்கால் உரசியதோடு போயிற்று. எதிரே இன்னொரு ஆபத்தும் இருந்தது. பெற்றோல் இல்லாததால் வீதி நிறையச் சைக்கிள்கள், ஆனால் பத்தில் ஒன்றிலும் லைற் இல்லை. சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உரசிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் ஒழுங்கை மாற்றினோம். டைனமோ சைக்கிள் முன்னுக்கு, சோலார் விளக்குக் கட்டிய சைக்கிள் கடைசிக்கு, விழுந்தவள் நடுவில். சோலார் விளக்கைச் சிவப்புப் பொலித்தீனால் சுற்றிப் பின்னால் திருப்பிவிட்டோம். மூத்தக்கா தன் ரோச்சை அணைத்துச் சேமித்துக்கொண்டார். “நீ போ பிள்ளை, உன்ரை வெளிச்சத்திலை நான் வாறன்” என்றார்.

நாவற்குழியில் ஒரு நினைவு

நாவற்குழிப் பாலத்தில் இறங்கி ஓய்வெடுத்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு இந்த வழியாலேதான் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. இலட்சக்கணக்கான சனம். சைக்கிள்களில் மூட்டைகளையும் வயோதிபரையும் பிள்ளைகளையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளிக்கொண்டு போகும் சைக்கிளில் டைனமோ எரியாது. ஓடினால்தானே அதற்கு உயிர். அத்தனை ஆயிரம் சைக்கிள்கள் இருந்தும் அந்தப் பாதை இருட்டாகவே இருந்தது.

அதற்கு முன்னைய ஐந்து வருடமும் டைனமோதான் எங்கள் மின்சார நிலையம். 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோ வயரை ரேடியோவுக்குக் கொடுத்து மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். மிதிக்கிறவருக்குக் கால் உளைந்தால் செய்தியும் இழுபடும். ஆனால் கிளாலிக் கரைக்குப் போகும்போது மட்டும் டைனமோவை ரயரில் படாமல் விலக்கிவிடுவோம். படகுகள் வெளிச்சமில்லாமல் நீரேரியைக் கடந்த காலம் அது. வெளிச்சம் இருந்தால் சுடுவார்கள்.

“அப்ப வெளிச்சத்துக்குப் பயந்தம். இப்ப இருட்டுக்குப் பயப்பிடுறம்” என்றார் மூத்தக்கா. அவருடைய கணவர் 2009 இல் காணாமல் போனவர். அவர் கீரிமலைக்கு வந்தது தகப்பனுக்காக மட்டுமே. கணவருக்கு இன்னும் எந்தக் கடனும் செய்ததில்லை, செய்யச் சொல்லி நாங்களும் கேட்பதில்லை.

செம்மணி வெளியில் யாரும் பேசவில்லை. டைனமோவின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லூரைத் தாண்டி, கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்கள் வந்தன. தெல்லிப்பழையில் தங்கி, விடியப்புறம் மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலையில் இறங்கினோம். கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊற்று. பெண்களுக்குத் தனிக் கேணி. கிழக்கு வெளிக்கும்போது நால்வரும் நீரில் நின்றோம். திரும்பும் வழியில் காத்தோட்டிக்காய் வாங்கினோம். ஆடி அமாவாசைச் சமையலுக்கு அது இல்லாமல் முடியாது.

நாங்கள் கற்றுக்கொண்டது

சகோதரிகளே, நீங்கள் தீர்த்தத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் தோட்ட வேலைக்கு விடியப்புறம் போகிறீர்கள், தையல் வகுப்பு முடிந்து இருட்டில் வருகிறீர்கள். ஆகவே லைற் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், எத்தனை வெளிச்சம் என்று கேட்குமுன் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். சார்ஜ் பண்ணக்கூடிய சாதாரண பற்றரி ஒன்றில் 1.2 வோல்ற், 2,000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால், அதில் இருப்பது 2.4 வாற் மணி. இரண்டு பற்றரிக்கு 4.8. ஒரு வாற் லைற்றை அது நாலரை மணித்தியாலமளவில் எரிக்கும். அதே லைற்றைக் கூட்டி மூன்று வாற்றில் எரித்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இளையவள் முதல் இரவு முழுவதும் கூடிய வெளிச்சத்தில் ஓடினாள். அதுதான் அவள் விட்ட பிழை. எங்கள் வேகத்துக்குக் குறைந்த வெளிச்சமே போதும். 12 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு மூன்று மீற்றருக்குச் சற்று மேலாகத்தான் போகிறோம். வெளிச்சம் 10 மீற்றர் முன்னால் நிலத்தில் விழுந்தால் நிறுத்த மூன்று செக்கன் கிடைக்கும். லைற்றைக் கொஞ்சம் கீழே சரித்துக் கட்டுங்கள். எதிரே வருபவரின் கண்ணும் கூசாது.

இரண்டாவது, பல நாள் பயணத்துக்கு டைனமோவைப் போல நம்பகமானது இல்லை. வழக்கமான டைனமோ 6 வோல்ற், 3 வாற். முன்லைற்றுக்கு 2.4, பின்லைற்றுக்கு 0.6. பின் பல்ப் எரிந்துபோனால் அந்த மின்சாரமும் முன் பல்புக்குப் போய் அதையும் எரித்துவிடும். ஆகவே இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வராவிட்டால் டைனமோவைக் குறை சொல்லுமுன், அது பூட்டியிருக்கும் இடத்தில் துருவையும் பெயின்ரையும் சுரண்டிவிடுங்கள். ஒற்றை வயர் டைனமோவுக்குச் சைக்கிள் சட்டம்தான் மற்ற வயர். டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். சரிந்து நின்றால் ரயரைத் தின்னும், மிதிக்கவும் பாரமாக இருக்கும். மழையில் உருளை வழுக்கும் என்பது அதன் குறை. டைனமோவுக்கென்றே செய்த எல்.ஈ.டி. முன்லைற் கிடைத்தால் அதே மிதிப்புக்குப் பல மடங்கு வெளிச்சம் தரும்.

இது ஏழைகளின் பழைய சாமான் என்று வெட்கப்பட வேண்டாம். ஜேர்மனியில் சாதாரண சைக்கிள்களுக்கு 2013 வரை டைனமோ லைற் சட்டப்படி கட்டாயமாக இருந்தது. பிரான்சில் 1,200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துக்குள் ஓடும் பாரிஸ்-பிரெஸ்ற்-பாரிஸ் பயணத்தில் இரவிரவாக ஓடுபவர்களில் பலர் முன்சக்கர ஹப்புக்குள்ளேயே டைனமோ வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வழியில் பிளக் தேடி நிற்க நேரமில்லை.

மூன்றாவது, டைனமோ நின்றால் வெளிச்சமும் நிற்கும். சந்தியில் காத்து நிற்கும்போதுதான் பின்னால் வரும் வாகனம் எங்களைக் காணவேண்டும். நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் டைனமோ லைற்றுகள் உண்டு. அது இல்லாவிட்டால் பற்றரியில் எரியும் சிறு சிவப்பு லைற் ஒன்றைப் பின்னால் தனியாகப் பூட்டுங்கள். சிவப்புக்கு மின்சாரம் மிகக் குறைவு, ஒரு சோடி பற்றரி பல இரவுக்கு வரும். பின் மட்காட்டில் சிவப்புத் தெறிப்பானும் இருக்கட்டும். அதற்கு எந்த மின்சாரமும் வேண்டாம்.

சோலார் விளக்கு ஆடி வெயிலில் நன்றாக நிரம்பும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதை நம்பக்கூடாது. போனின் ரோச்சைப் பாதைக்குச் செலவழிக்க வேண்டாம். ஆபத்தில் ஒருவரைக் கூப்பிடப் போனில் சார்ஜ் இருக்கவேண்டும்.

திரும்பி வந்த இரண்டு இரவும் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்கு வந்த கிழமையே இளையவள் எங்கேயோ கிடந்த ஒரு பழைய டைனமோவைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாள். “அக்கா, இதைப் பூட்டித் தாங்கோ” என்றாள். இருவருமாக இருந்து சட்டத்தைச் சுரண்டிப் பூட்டினோம். பொழுதுபட்டதும் ஒழுங்கையின் முடிவுவரை ஓடிப் பார்த்தாள். மூத்தக்கா படலையில் நின்று, அந்த வெளிச்சம் போய்த் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.