அத்தாவின் தலைப்புண்

என் அத்தாவுக்கு அப்போது எண்பது வயது. உச்சந்தலையில் தோன்றிய தோல் புற்றைத் திருச்சிராப்பள்ளியில் அறுத்தெடுத்தபின் ரூபாய் நாணயமளவு குழி நின்றது. தொடைத்தோலை எடுத்து ஒட்டலாம். தானே ஆறவும் விடலாம் என்றார் மருத்துவர். மண்டையோட்டைப் போர்த்திய சவ்வு பிழைத்திருந்ததால் அதன்மேல் புதுச்சதை எழும்பும். ஆனால் வாரங்கள் பல செல்லுமாம்.

நலம் விசாரிக்கத் திருவரங்கத்திலிருந்து வந்த பழைய நண்பர், தம் தலையில் போட்ட ஒட்டைக் குனிந்து காட்டினார். "இது சீக்கிரம் மூடிக்கொண்டது, பாய். தொடைதான் படுத்திவிட்டது." அத்தா அப்போதே முடிவு செய்துவிட்டார்.

காயவிட்டால்தான் புண் ஆறும் என்று நான் எண்ணியிருந்தது பிழை. களிம்பிட்டு, ஈரம் வற்றாமல் மூடிவைத்தேன். விளிம்புத்தோல் மெல்ல உள்நோக்கி நகர்ந்தது. அதுவரை கட்டின்மேல் மஸ்ஹுச் செய்துவந்தவர், ஒன்பதாம் வாரம் ஒளுச் செய்கையில் வெறுந்தலையை ஈரக்கையால் தடவினார். அவ்விடத்தில் முடி முளைக்காது, ஒட்டியிருந்தாலும் முளைத்திராது. "தொப்பி இருக்கிறதே" என்றார்.