நீர்க்கடுப்பு எல்லாம் சூடு அல்ல

பரமக்குடி வெயிலில் நீர்க்கடுப்பு வராதவர்கள் குறைவு. வந்தால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "உடம்புல சூடு." பார்லித் தண்ணீர், வெள்ளரிப் பிஞ்சு, நன்னாரி சர்பத். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆகாதபோது என்ன செய்வது என்பது பற்றித்தான் இந்தப் பதிவு. விஷயம் கொஞ்சம் கூச்சமானது, பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டை நோய்க்குப் பிரெஞ்சில் 'ஷோத் பிஸ்' என்று ஒரு கொச்சைப் பெயர் உண்டு. 'சூடான மூத்திரம்' என்று பொருள். வாத்தியார் சொல்லித்தரவில்லை, பையன்கள் சொன்னது! இன்னொரு பால்வினை நோயை நாம் பறங்கிப்புண் என்று வெள்ளைக்காரன் தலையில் கட்டினோம். பிரெஞ்சுக்காரர்கள் அதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள். எந்த ஊரிலும் இது அடுத்தவன் வியாதிதான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்தம் சோதித்துக் கண்டுபிடிக்கும்வரை, எச்.ஐ.வி.யும் நம் நாட்டுக்கு வராது என்றுதான் பலரும் நினைத்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மனு எழுத என்னிடம் வரும் பையன் ஒருவன் வேறு விஷயமாக வந்தான். வெளியூரில் வேலை, இரண்டு மாதத்தில் கல்யாணம்.

"பாட்டி பதினஞ்சு நாளா பார்லித் தண்ணி தர்றாங்க தாத்தா. எரிச்சல் போகல."

"டாக்டரைப் பாத்தியா?"

"இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியுமே."

"அப்ப மதுரைக்குப் போய்ப் பாரு. டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதே" என்றேன்.

போனான். ஊசிக்குப் பயந்து போனவனிடம் முதலில் ஒரு சிறு குப்பியைத்தான் கொடுத்தார்களாம். சிறுநீரில் கிளமிடியா என்று வந்தது. ஏழு நாள் மாத்திரையில் தீர்ந்தது. தொடர்பில் இருந்தவருக்கும் தகவல் சொல்லச் சொன்னாராம் டாக்டர், சொன்னான். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

இந்தக் கிளமிடியா பல பேருக்கு எரிச்சல்கூடத் தராமல் உள்ளே இருக்கும். பெண்ணுக்குப் போனால் கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். பிறகு குழந்தை இல்லை என்று ஊர் யாரைச் சொல்லும்? அந்தப் பெண்ணைத்தான்.

சோதனை எளிது, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சர்க்கரை வயதில் இருக்கும் நமக்கெல்லாம் சிறுநீரின் முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் பிடித்துப் பழக்கம். இதற்கு நேர்மாறு. குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வருவதையே பிடிக்க வேண்டும். 20, 30 மில்லி போதும். கிருமியின் மரபணு அந்த முதல் நீரில்தான் அதிகம் இருக்கும். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி இன்னும் நம்பகமானது; அதைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். பறங்கிப்புண்ணுக்கும் எச்.ஐ.வி.க்கும் இந்தக் குப்பி போதாது, ரத்தம் கொடுத்தாக வேண்டும்.

பிரான்சில் 2024 செப்டம்பர் முதல், டாக்டர் சீட்டு இல்லாமலே ஆய்வகத்தில் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்ளலாம். 26 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. நம் அரசு மையங்களில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்தே மருந்து தருகிறார்கள். எரிச்சலோடு வெள்ளை வந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், வேறு தொல்லைக்கு வேறு நிறம் என்று வைத்திருக்கிறார்கள். அறிகுறி உள்ளவருக்கு அது பெரிய உதவி. ஒன்றும் தெரியாமல் சுமப்பவரைக் கண்டுபிடிக்கத்தான் குப்பி வேண்டும். தனியார் ஆய்வகத்தில் காசு ஆகும். கல்யாண மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பேரனோ பேத்தியோ கூச்சப்பட்டு நின்றால் காரணம் கேட்டுக் குடையாதீர்கள், அப்பனிடம் சொல்லாதீர்கள். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். யாரிடமும் பேச முடியாதவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பார்லித் தண்ணீரையும் கொடுங்கள், தப்பில்லை. வெயில் காலம்தானே.